பதினான்கு வீட்டுக் காற்றாடி

அந்தக் காற்றாடியின் இறக்கை நுனியில் இருந்த பொட்டு சிவப்பா, ரோஸா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நகப்பூச்சால் வைத்த பொட்டு. வேகமாகச் சுற்றும்போது அது கூரைக்குக் கீழே ஒரு மெல்லிய வளையமாகத் தெரியும். பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வளையத்தை நான் கண்ணால் கண்டேனா, பிறகு நினைத்து நினைத்து நானே வரைந்துகொண்டேனா என்றுகூடச் சில நாட்களில் சந்தேகம் வருகிறது.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. என் அறிக்கையின் கடைசி வாக்கியத்தை நானாக எழுதினேனா, அல்லது கேள்வி ஒன்று கேட்கப்பட்டு, நான் ஒரு பொத்தானை அழுத்தினேனா என்பது. அறிக்கையை எடுத்துப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது. இதுவரை எடுக்கவில்லை.

மின்சாரத்துக்கு விலை என்பது ஒழிந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பங்கீட்டுச் சட்டம் வந்த அன்று நான் கல்லூரியில் இருந்தேன். கோவையில் எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். இனி யாரும் மின்சாரத்தை வாங்கவோ விற்கவோ முடியாது. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கிடைக்கும். தேவையைக் கணிக்க ஒரு பெரிய கணிப்பொறியைச் செய்து அதற்குத் துலா என்று பெயர் வைத்தார்கள். செய்தவர்கள் நேர்மையானவர்கள், அவர்களில் இரண்டு பேரோடு எனக்குப் பிற்பாடு பழக்கம் உண்டு. தேவை என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஒரு வீடு இதுவரை எவ்வளவு பயன்படுத்தியதோ அதுதான் அதன் தேவைக்கு இருக்கும் ஒரே சாட்சி என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முன்பு அதிகம் பயன்படுத்திய மேற்கு மாவட்டங்களுக்கு அதிகம் தேவை என்று ஆயிற்று. மின்சாரம் அதிகம் போன இடத்துக்கு ஆலைகள் போயின. ஆலைகள் போன இடத்துக்கு மனிதர்கள் போனார்கள். அவர்களுக்கும் சேர்த்து இன்னும் அதிகம் தேவைப்பட்டது. கிழக்கே வெயில் இருந்தது. அங்கே அடிவானம் வரை சூரியத் தகடுகளைப் பதித்தார்கள்.

பங்கீட்டு மையத்தில் என் வேலை, துலாவுக்குச் சந்தேகம் வரும் இடங்களுக்கு நேரில் போய்ப் பார்ப்பது. முதுகுளத்தூருக்குத் தெற்கே சாத்தப்பனேந்தல் என்ற ஊரைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் வந்தது. நாற்பது வீடுகள். இருபத்தாறு பூட்டிக் கிடப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். மீதிப் பதினான்கில் பதிமூன்று வீடுகளின் மீட்டர், காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை ஒரு துளிகூட நகரவில்லை. நாற்பத்தைந்து நாட்களாக இப்படி. சுட்டெரிக்கும் பங்குனியில், வீட்டில் மனிதர் இருந்தால் மீட்டர் நகராமல் இருக்குமா? லைனைத் தக்கவைப்பதற்காக யாரோ சாயங்காலம் மட்டும் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று துலா கணித்தது. குடியிருக்கும் வீடு பத்துக்குக் கீழே போனால் அந்த ஊருக்கு லைன் கிடையாது. மிச்சமிருப்பவர்களை மேற்கே கொண்டுபோய்க் குடிவைப்பார்கள்.

ஐந்து நாள் தங்கிப் பார்த்து எழுதச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

போய் இறங்கியது நடுப்பகல். ஒரு பக்கம் கருவேலங்காடு, மறுபக்கம் தகடுகள். ஊருக்கு முன்னால் மிளகாய்க் களம்; உருண்டை உருண்டையாகக் குண்டு மிளகாய் செக்கச்செவேல் என்று காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் நெடி. முதல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. குரல் கொடுத்தேன். பதில் இல்லை. உள்ளே தண்ணீர்ப் பானை, மடித்து வைத்த பாய், ஆணியில் ஒரு சட்டை. கையிலிருந்த கருவியில் ஆள் இல்லை என்று பதிந்தேன். இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவதில் ஒரு தூளி தொங்கியது, குழந்தை இல்லை. ஆறாவது வீட்டு வாசலில் நின்றபோதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் சிரிப்பல்ல. ஊரே சிரிப்பது போல.

தெருக்கோடி வீட்டில் இருந்தார்கள். ஒரு கூடம், அதற்குள் முப்பத்தேழு பேர். நான் பிறகு எண்ணினேன்.

"யாரது? கணக்கெடுக்க வந்த பிள்ளையா?" என்றாள் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. முத்துராக்கு என்று பிறகு தெரிந்தது. "உள்ள வாத்தா. செருப்ப அங்கிட்டே போடு. மனுசருக்கே எடமில்ல, இதுல செருப்புக்கு வேற எங்க போக."

"இங்க எல்லாரும் ஏன்…" என்று தொடங்கினேன்.

"மொதல்ல நடுவுல உக்காரு. வேர்த்து ஊத்துது பாரு. ஏய் பூமயிலு, நகருடி, வந்தவுகளுக்கு எடத்த விடு."

முப்பத்து நான்கு வயது மதிக்கத்தக்க பெண் எழுந்து எனக்கு இடம் விட்டாள். அவள் வீடுதான் அது. காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டு வருபவர்களுக்கும் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் நடு. மற்றவர்கள் சுற்றிலும். நான் கண்ணை மூடிக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தபோது முத்துராக்கு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு. நகந்துக்க தாயி."

"என்னது?"

"வேர்வ காயுற வரைக்குந்தான் நடு. காஞ்சா நகந்துரணும். ஆபீசரா இருந்தாலும் அதான் சட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நகர்ந்தேன். களத்திலிருந்து வந்த ஒருவர் என் இடத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வீடுகள்ல காத்தாடி இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கே, பதினாலு வீட்டுலயும் இருக்கு" என்றாள் பூமயில். "பதினாலையும் போட்டா எதுவும் உருப்படியாச் சுத்தாது. நீங்க குடுக்குற கரண்டு அம்புட்டுத்தான். ஒண்ண மட்டும் போட்டா நல்லா ஓடும். அங்க பாருங்க." மேலே காட்டினாள். "எங்க வீட்டுக்காரரு வச்ச பொட்டு அது. வளையமாத் தெரிஞ்சா கரண்டு நல்லா வருதுன்டு அர்த்தம். பொட்டாவே தெரிஞ்சா யாரோ அவுக வீட்டுல எதையோ போட்டுருக்காகன்டு அர்த்தம். போயி வையிவோம்."

"எங்க அயித்தைதான் ஒருநாளு மிக்சியப் போட்டுருச்சு" என்றது ஒரு குரல்.

"ஒத்தத் தடவடி! ஒரு தொவையலு அரைக்க! அத இன்னும் சொல்லிக் காட்டுறாளுக பாரு" என்றாள் முத்துராக்கு. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

"நான் மட்டும்தான்."

"எத்தன காத்தாடி?"

என் வீட்டில் நாளொன்றுக்கு முப்பத்தோரு யூனிட். மூன்று அறைகள், மூன்றிலும் ஏசி. சொல்லத் தயங்கி, மூன்று காற்றாடி என்றேன்.

"ஒருத்திக்கு மூணா?" அவள் உண்மையாகவே குழம்பிப்போனாள். "எதுக்குக் கீழத்தா இருப்ப?"

நான் பேச்சை மாற்றினேன்.

மறுநாள் பூமயில் என்னை வீட்டின் பின்புறம் கூட்டிப்போனாள். கனமான கதவு போட்ட ஒரு கொட்டகை. சுவரின் உட்பக்கம் முழுக்கத் தெர்மாகோல் பதித்து மேலே தகரம் அடித்திருந்தது. கதவு விளிம்பில் ரப்பர்ப் பட்டை. உள்ளே ஒன்றும் இல்லை. எதிர்ச்சுவரில் ஒரு வெப்பமானி மட்டும் தொங்கியது. அதில் நாற்பத்தொன்று காட்டியது.

"இது நாலுன்டு காட்டணும்" என்றாள்.

குளிர்பதனக் கிடங்கு. ஊர் மிளகாயைப் பறித்ததும் அனுப்பிவிடாமல் இங்கேயே வைத்திருந்து, நிறம் வெளுக்காமல், புழு விழாமல் காக்க வேண்டும் என்பது அவளும் அவள் கணவன் திருமேனியும் போட்ட திட்டம். இருவரும் சேர்ந்து அந்தக் கொட்டகையைக் கட்டினார்கள். இயந்திரத்தைத் தருவதற்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. மும்முனை மின்சாரம் மட்டும் வேண்டும். அதற்கு ஊர் துலாவின் பட்டியலில் இரண்டாம் தரத்துக்கு உயர வேண்டும். அதற்கு ஊர் அதிக மின்சாரம் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதிகம் பயன்படுத்த மின்சாரம் இல்லை. இந்த இடத்தில் வந்து நின்று ஆறு ஆண்டுகள் காத்திருந்துவிட்டுத் திருமேனி மேற்கே வேலைக்குப் போனான். போய் நான்கு ஆண்டு.

"அங்க என்ன வேலை?"

பூமயில் சிரித்தாள். "குளிர்பதனக் கிடங்குலதான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. அவனுக்குச் சாப்பாட்டு நேரம். தினமும் அந்த நேரத்தில் அவள் கொட்டகைக்குள் வந்து நின்றுகொண்டுதான் பேசுவாளாம். திரையில் தடித்த கோட்டு போட்ட ஒரு முகம் தெரிந்தது. பின்னால் மூட்டைகள்.

"சாப்டாச்சா?"

"இனிமேத்தான். நீங்க?"

"ம்."

கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் வெப்பமானியைப் பார்த்தேன்.

"எங்க, ஊதுங்க" என்றாள்.

"தெனமும் இதே வேலையாப் போச்சு ஒனக்கு."

"ஊதுங்கன்டா."

அவன் வாயைக் குவித்து ஊதினான். வெள்ளையாக ஆவி பறந்து திரையை மறைத்தது. பூமயிலின் நெற்றியிலிருந்து வியர்வை புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள்.

"பக்கத்துல யாரு?"

"கரண்டு ஆபீசுல இருந்து வந்திருக்காக."

"வணக்கம் மேடம்." குரல் சட்டென்று மாறிவிட்டது. "மூணு பேஸ் குடுத்துருவாகளா மேடம்? நம்மூரு மூட்டைதான் இங்க நான் அடுக்குறேன். ஊருப் பேரப் பாத்தா ஒருதடவ மோந்து பாத்துட்டுத்தான் மேல வைக்கிறது. லைன் வந்த அன்னைக்கே வண்டி ஏறிருவேன். கிடங்கு வேல பூராவும் இப்பக் கத்துக்கிட்டேன், அவ ஒத்தையில கெடந்து அல்லாட வேண்டியதில்ல."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வரும் என்று சொல்லவில்லை என்று நம்ப விரும்புகிறேன்.

அன்று மாலை விதியை மீறினேன். ஆய்வாளர் ஊரில் இருக்கும் நாட்களின் பயன்பாட்டைத் துலா தனியாகக் கவனிக்கும் என்பது ஊராருக்குத் தெரியக் கூடாது. நான் சொன்னேன். நாளையிலிருந்து மூன்று பகல், பதினான்கு வீட்டிலும் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். காற்றாடி மெதுவாகச் சுற்றினாலும் பரவாயில்லை. பதினான்கு வீடும் விடாமல் இழுத்தால் இந்த ஊருக்குப் பற்றவில்லை என்று துலாவுக்குப் புரியும். மும்முனை லைன் வரும்.

"வீட்டுல ஆளு இல்லாட்டியுமா போடணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா."

"ஆளில்லாத வீட்டுல காத்தாடி யாருக்கு ஓடும்?" என்றாள் முத்துராக்கு.

"பூமயிலுக்காக ஓடும்னு வச்சுக்குங்க."

அவள் பூமயிலைத் திரும்பிப் பார்த்தாள். "திருமேனி பய வந்து சேரட்டும். போட்டு விடுங்கடி எல்லாத்தையும்" என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பதினான்கு வீட்டிலும் போட்டார்கள். அவரவர் வீட்டில் இருக்கத்தான் சொல்லியிருந்தேன். அரைமணி நேரம் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பூமயில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தனியாக உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை என்று ஒருவர் வெட்கத்துடன் சொன்னார். பரவாயில்லை, வீட்டில் காற்றாடி ஓடுகிறதல்லவா என்றேன். ஓடுகிறது என்றார்கள்.

பூமயில் வீட்டுக் காற்றாடி சோம்பலாகச் சுற்றியது. இறக்கைகளை எண்ணலாம் போலிருந்தது. பொட்டு பொட்டாகவே தெரிந்தது. கூடத்தில் யாரும் பேசவில்லை. வெயிலில் வெந்த கூரை வழியாகச் சூடு இறங்கியது. நடுவில் முத்துராக்குவின் மருமகள் வைரமணி பதினொரு நாள் குழந்தையோடு படுத்திருந்தாள். குழந்தை முதலில் சிணுங்கியது. பிறகு அழுதது. பிறகு அழக்கூட முடியாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. வைரமணி முந்தானையால் விசிறினாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுப்புல பால வச்சது மறந்துபோச்சு" என்று ஒரு பெண் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டலயே" என்று ஒருவர் போனார். வந்தார்.

"இந்தா வாறேன்" என்று காரணம் எதுவும் சொல்லாமல் இன்னொருவர்.

நான் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் போய் வரும்போதெல்லாம் காற்றாடி கொஞ்சம் வேகம் கூடியது. பொட்டு நீண்டது. நான்காவது ஆள் வந்து உட்கார்ந்தபோது அது ஒரு கோடாயிற்று. ஏழாவது ஆள் வந்தபோது பிறை. யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும் தன் வீட்டுக் காற்றாடியை நிறுத்துவதாகவும், மற்றவர்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதாகவும் நினைத்திருப்பார்கள். பூமயிலுக்குத் தாம் மட்டும் துரோகம் செய்துவிட்டோம் என்றுகூட நினைத்திருக்கலாம். பன்னிரண்டாவதாகப் போய் வந்தது முத்துராக்கு. வந்தவள் பூமயில் முகத்தைப் பார்க்காமல் ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஒரு வீடு மட்டும் பாக்கி. பூமயிலின் பக்கத்து வீடு. பூமயிலின் நாத்தனார் வீடு. அவள் பூமயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவில்லை.

பூமயில் குழந்தையைப் பார்த்தாள். வளையம் ஆகாமல் நின்ற அந்தப் பொட்டைப் பார்த்தாள்.

"போயிட்டு வா மதினி" என்றாள்.

நாத்தனார் போய் வந்தாள். கூரைக்குக் கீழே வளையம் முழுசாக வந்தது. குழந்தை தூங்கிற்று. யாரோ ஒருவர் மெல்ல ஏதோ கேலி சொல்ல, பேச்சு திரும்பவும் தொடங்கியது. பூமயில் எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். அது திருமேனி கூப்பிடும் நேரம் அல்ல.

அடுத்த இரண்டு நாளும் நான் யாரிடமும் எதையும் போடச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை கோவைக்குப் பேசினேன். என் மேலதிகாரி தெய்வசிகாமணி கெட்டவர் அல்ல. அவர் மகள் கல்யாணத்துக்கு என்னைப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தவர்.

"வீட்ல ஆளு இருக்கறாங்களா, இல்லைங்களா? அதை மட்டும் சொல்லும்மா ரேணுகா."

"இருக்காங்க சார். எல்லாரும் பகல்ல ஒரே வீட்ல இருக்காங்க."

"அப்ப பதிமூணு வீடு காலி."

"காலி இல்ல சார். அவங்களுக்குக் கரண்டு பத்தலை. அதனால பிரிச்சு எடுத்துக்காம சேர்ந்து இருக்காங்க."

"சரி."

"ஒரு கொட்டகை கட்டி வெச்சிருக்காங்க சார், குளிர்பதனக் கிடங்குக்கு. அதைப் பத்தி எழுதலாமா?"

"அது எத்தனை யூனிட் இழுத்திருக்குது?"

"இன்னும் மெஷினே வரலை சார்."

"அப்புறம் எந்தக் கட்டத்துல போடுவே?"

"அவங்களுக்கு வேணும் சார்."

"வேணுங்கறது எல்லாருக்கும்தாம்மா இருக்குது. எங்க வீட்டம்மா கூடத்துக்கு இன்னொரு ஏசி வேணும்ங்கறா. ஆசையை அளக்கறதுக்கு இன்னும் யாரும் மீட்டர் கண்டுபுடிக்கலை. நீ இப்ப லைனைக் காப்பாத்தற வழியைப் பாரு. ஆளு இருக்கறாங்கன்னு நாலு வரி விளக்கமா எழுதிப் போடு. துலா இப்பெல்லாம் எழுத்தையும் படிக்குது."

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அன்போடு எதையும் எழுதியதில்லை. இந்த ஊரில் வீடுகள் காலியாக இல்லை. பகலில் பதினான்கு குடும்பங்களும், முப்பத்தேழு பேர், ஒரே காற்றாடியின் கீழ் கூடியிருக்கிறார்கள். வியர்வை காயும்வரை நடுவில் இருந்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். குழந்தை ஒன்று அழுதபோது அத்தனை பேரும் தம் வீட்டுக் காற்றாடியைத் தாமே போய் நிறுத்தினார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான். படிவத்தின் அடியில், யாராவது குறை தெரிவித்தார்களா என்று ஒரு கேள்வி உண்டு. ஆம், இல்லை என இரண்டு பொத்தான்கள். நான் இல்லையை அழுத்தி, துலாவே அதை வாக்கியமாக்கிக்கொண்டதோ என்று சில சமயம் நினைப்பேன். அந்த ஊராரின் பெருமையைச் சொல்வதற்காக நானே எழுதினேன் என்றும் நினைப்பேன். எப்படியானாலும் விரல் என்னுடையது. ஐந்து நாளில் ஒருவரும் என்னிடம் குறை என்று எதுவும் சொல்லவில்லை என்பதும் உண்மை. பூமயில் காட்டியது ஒரு வெற்றுக் கொட்டகையை. அதைக் குறை என்று எழுத எனக்கு அப்போது தோன்றவில்லை.

கிளம்பும்போது பூமயில் ஒரு பொட்டலம் மிளகாய் கொடுத்தாள். "வந்துரும்ல மேடம்?" என்றாள். வீடுகள் காலி இல்லை என்று எழுதிவிட்டேன், லைனை எடுக்க மாட்டார்கள் என்றேன். அவள் கேட்டது அதையல்ல என்று இருவருக்கும் தெரியும்.

லைனை எடுக்கவில்லை. எழுபது நாட்கள் கழித்து ஓர் ஆணை வந்தது. என் நாலு வரியைத் துலா படித்திருந்தது. பதினான்கு குடும்பத்துக்கு ஒரு காற்றாடி போதும், அப்படி இருப்பவர்களுக்கு அதில் குறையும் இல்லை என்று அது கற்றுக்கொண்டிருந்தது. அதே வெயிலும் அதே அளவும் உள்ள ஊர்களில் வீட்டுக்கு ஒரு காற்றாடி என்பது தேவைக்கு மேற்பட்டது என்று கணித்தது. கிழக்கே அறுநூற்றுப் பன்னிரண்டு ஊர்களின் பங்கு குறைக்கப்பட்டது. கூட்டு இருப்பு முறை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மிச்சமான மின்சாரம், தேவை அதிகமிருந்த மேற்குக்கு வந்தது. அந்த ஆண்டு நடந்த விரிவாக்கங்களின் பட்டியல் என் மேசைக்கு வந்தபோது, திருமேனி வேலை செய்த கிடங்கின் பெயரும் அதில் இருந்தது. புதிதாக நான்கு அறைகள். ஆட்கள் தேவை என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தெய்வசிகாமணி அதை என் கையில் தரும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

அன்று பகலில் பூமயிலைக் கூப்பிட்டேன். கூடத்துச் சத்தம் கேட்டது.

"நான் எழுதினதாலதான் பூமயில் இப்படி ஆச்சு" என்றேன். என்ன எழுதினேன் என்று முழுக்கச் சொன்னேன், கடைசி வாக்கியம் உட்பட.

பின்னால் ஒரு குழந்தை ஏதோ உளறிற்று. யாரோ யாரையோ நகரச் சொன்னார்கள்.

"பொய்யி ஒண்ணும் எழுதலயே நீங்க" என்றாள்.

"காத்தாடி ஓடுதா?"

"ஓடுது" என்றாள். "பொட்டாத் தெரியுது."

அதற்குப் பிறகு அவளிடம் நான் பேசவில்லை. பலமுறை எண்ணைத் தட்டி, மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறேன். கோவையின் கோடையில் அறையைக் குளிரவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, யாராவது வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது நகர்ந்துகொள் என்று சொல்ல மாட்டார்களா என்றிருக்கும். என் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் நடுதான்.

வைரமணியின் குடும்பம் அடுத்த கோடைக்கு முன்பே மேற்கே வந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒரு பின்னலாடை ஆலையில் பின்னல் இயந்திரம் பார்க்கிறாள். முத்துராக்கு அவர்களோடு வர மறுத்து ஊரிலேயே இருந்தாள். நான்காம் ஆண்டு பங்குனியில் இறந்தாள். பூமயிலின் நாத்தனார் மதுரைக்குப் போனதாகக் கேள்வி. தெய்வசிகாமணி ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். நான் மையத்தின் வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறேன். என் வீட்டின் பங்கு இன்றும் முப்பத்தோரு யூனிட்தான், குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தும் துலா ஏற்கவில்லை. திருமேனி ஊருக்குத் திரும்பவில்லை. ஆறாம் ஆண்டு பூமயில் அவனிடம் வந்து சேர்ந்தாள். இருவரும் அதே கிடங்கில் வேலை செய்கிறார்கள், அவன் பகலில், அவள் மாலையிலிருந்து. கொட்டகையில் இருந்த வெப்பமானியை அவள் எடுத்துவரவில்லை. பூமயில் புறப்பட்டதோடு சாத்தப்பனேந்தலில் குடியிருக்கும் வீடு பத்துக்குக் கீழே போயிற்று. அந்த ஊர் காலி என்று துலா பதிந்தது. அந்த முறை சரிபார்க்க யாரையும் அனுப்பவில்லை.